சாமி இல்லாத நெல்

பேயாண்டி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மண்சுவர். என் தோள் உயரம்தான் இருக்கும். கட்டியவர்கள் குட்டையாகக் கட்டிவிட்டுப் போனதற்கு நான் என்ன செய்ய முடியும்? அந்தப் பக்கம் குழம்பில் உப்புக் குறைந்தால் அவர் பெண்டாட்டி பாண்டியம்மாளுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட எனக்கே, அவர்கள் வீட்டு மருமகள் தங்கப்பொண்ணு விடிந்தும் விடியாமலும் புருஷன் பின்னால், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைக் கிணற்றுக்கு ஏன் ஓடுகிறாள் என்பது மட்டும் வெகுநாள் பிடிபடவில்லை.

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம் அது. எங்கள் ஊர் சமயநல்லூருக்கு மேற்கே, ரயில் பாதையைத் தாண்டி. பேயாண்டியின் தங்கை மதுரையில் ஒரு மில்லுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள்தான் தங்கப்பொண்ணு. டவுனில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்து, முறைமாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டி ஆவணியில் இங்கே வந்து சேர்ந்தாள். வந்த வாரமே களை எடுக்க விட்டார்கள். அவள் நெல்லைப் பிடுங்கிக் கரையில் போட்டுவிட்டுக் கோரையைப் பத்திரமாக நிறுத்தி வைத்திருந்தாள். கூட வேலை பார்த்த இருளாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் வெளிப்படையாகவே சிரித்தேன்.

அப்படிப்பட்டவள் தினமும் கிணற்றுக்குப் போய் என்ன கிழிக்கிறாள் என்பதுதான் பாண்டியம்மாளுக்கும் கேள்வி.

"மதினி, வீட்டுல நெல்லு அவிக்கக் கெடக்கு. இவ பாட்டுக்கு மம்பட்டியத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டா" என்றாள் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து.

"புதுசாக் கட்டுனதுக. போகட்டுமே."

"ஆவணியில கட்டுனது, மார்கழி வந்துருச்சு. இன்னும் என்ன புதுசு? போயித்தேன் என்ன வேலை பாக்குறா? மொளகாப் பாத்தி பாதி முங்கிக் கெடக்கு, பாதி காஞ்சு கெடக்கு. அவ மாமன் பாத்தாருன்னா இருக்கு."

புருஷன்காரன் மலைச்சாமிக்கு வயது பத்தொன்பது. எட்டாம் வகுப்பில் இருந்தான். ஆடு மேய்த்துவிட்டுத் தாமதமாகத்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். எட்டாம் வகுப்புச் சர்க்கார் பரீட்சையில் இரண்டு தடவை விழுந்தான். தமிழில் விழவில்லை, சரித்திரத்தில் விழவில்லை. இரண்டு தடவையும் கணக்கு. மீசை முளைத்து, கல்யாணமும் ஆகி, கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறவனைப் பொடிப்பயல்கள் 'மாப்ள' என்று கூப்பிட்டார்கள். அவனும் வெட்கப்படாமல் போய்வந்தான். எட்டாவது தேறினால் மதுரையில் வாத்தியார் ட்ரெயினிங் சேரலாம் என்று அவனுக்கு ஒரு ஆசை. 'கணக்கு வராதவன் எந்த ஊருக்கு வாத்தியாராகப் போறான்' என்று நான்கூட ஒருதரம் கேட்டிருக்கிறேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். திருப்பிப் பேசத் தெரியாத பிள்ளை.

பேயாண்டி கெடு வைத்துவிட்டார். முதுகுவலிக்காரர். குனிந்தால் நிமிர ஆள் வேண்டும்.

"மூணாந்தடவை. இந்தப் பங்குனியிலயும் விழுந்தான்னா பொஸ்தகம் அம்புட்டையும் அடுப்புல வச்சு வெந்நி போட்டுக் குளிச்சிட்டுக் கமலைக் கயித்தப் பிடிக்கட்டும். பெறகு இந்த வீட்டுல பள்ளிக்கூடப் பேச்சு கெடையாது" என்றார். சொன்னால் செய்கிற ஆள். மலைச்சாமி அன்றைக்குச் சோறு சரியாகத் தின்னவில்லை. தங்கப்பொண்ணும்தான்.

ஒருநாள் காலை, பிள்ளைகளுக்குக் கூழ் கொண்டு போகிறேன் என்று பாண்டியம்மாள் கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். எனக்கு அந்தப் பக்கம் வேலை இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை, அதனால் சொல்லவில்லை.

நாகமலை முதுகில் பனி கலையாமல் கிடந்தது. வரப்புப் புல் காலை நனைத்தது. தூரத்திலேயே கமலையின் கிறீச்சென்ற சத்தம் கேட்டது. செவலை, மயிலை மாடுகள் இரண்டும் சரிவில் இறங்க, வடத்தின் மேல் உட்கார்ந்து மலைச்சாமியும் இறங்கினான். இரும்புச் சால் மேலே வந்து, தொட்டியில் தண்ணீரைக் கொட்டியது.

"ஏழு பதிமூணு எம்புட்டு?" பாத்திப் பக்கமிருந்து பெண்குரல்.

மாடுகள் பின்பக்கமாகவே மெதுவாக மேட்டில் ஏறின. அவை ஏறி நிற்கிற வரைக்கும் விடை கேட்டு அவள் அவசரப்படுத்தவில்லை. சால் கிணற்றுக்குள் முங்கியது.

"தொண்ணூத்தி ஒண்ணு."

"சரி மச்சான்."

பாண்டியம்மாள் என் கையைப் பிடித்து ஆமணக்குச் செடிக்குப் பின்னால் இழுத்தாள். "என்ன மதினி, எதையோ வெலை பேசுறாக?"

"உம் மகன் பாடம் படிக்கிறான்."

"யார்கிட்ட?"

"இங்க நாலு உசுருதேன் நிக்கிது. ரெண்டு மாடு. மாடு சொல்லிக் குடுக்காது."

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பெண்டாட்டியிடம் பாடம் படிக்கிற புருஷனை எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் ஊர் எழுந்திருக்கும் முன்னால், யாரும் வராத கிணற்றடியில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வெட்டவெளியில் குரல் எங்கெல்லாம் போகும் என்று இரண்டுக்கும் தெரியவில்லை.

தங்கப்பொண்ணு மம்பட்டியை ஊன்றிக்கொண்டு வாய்க்கால் ஓரம் வந்து குந்தினாள். மடை திறந்தபடி கிடந்தது. தண்ணீர் ஒரே பாத்தியில் முங்கி வழிந்துகொண்டிருந்தது.

"வாய்ப்பாடு சுத்தமா இருக்கு. கூட்டுறீக, கழிக்கிறீக. பெறகு எங்க விழுகுறீக மச்சான்?"

"படிக்கிற கணக்குல."

"அதென்ன படிக்கிற கணக்கு?"

"அதேன், ஒரு ஊருல ஒரு ஆளுன்னு ஆரம்பிக்குமில்ல. அதுல."

"சரி. ஒரு விவசாயி நூத்தியிருபது மரக்கா நெல்ல மூணு மகன்களுக்குச் சமமாப் பிரிச்சுக் குடுத்தான். ஆளுக்கு எம்புட்டு?"

மாடு இறங்கியது, ஏறியது.

"முப்பத்தாறு."

"இன்னொருக்க எறங்கி ஏறுங்க."

இறங்கி ஏறினான். "முப்பத்தாறுதேன்."

"வெறும் நூத்தியிருபத மூணால வகுத்தா?"

"நாப்பது." உடனே வந்தது.

தங்கப்பொண்ணு எழுந்துவிட்டாள். "மாட்ட நிறுத்துங்க."

"அடிக்கவா போற?"

"நான் எதுக்கு அடிக்கப் போறேன். முப்பத்தாறு எப்படி வந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க."

மலைச்சாமி கயிற்றைப் பிடித்தபடி விழித்தான். அவனிடம் அந்தக் கேள்வியை அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. அவன் வாத்தியார் கெட்டவர் இல்லை. அறுபது பிள்ளைக்கு அவர் ஒருத்தர். விடை சரி என்றால் அடுத்த சிலேட்டு. தப்பு என்றால் ஒரு பிரம்படி, பிறகு அடுத்த சிலேட்டு. எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டு நின்றால் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிடும்.

"தப்புத்தேன், விடு. நாப்பதுன்னு வச்சுக்க."

"வச்சுக்கிறதுக்கு இது என்ன வெத்தலையா? எப்படி வந்துச்சு?"

"நூத்தியிருபது இருக்கா. அதுல பன்னெண்டு போயிரும். மிச்சம் நூத்தியெட்டு. மூணு பேருன்னா முப்பத்தாறு."

"பன்னெண்டு எங்க போச்சு?"

"எங்க போச்சுன்னா? பத்துக்கு ஒண்ணு. சாமிக்கு, காவலுக்கு, ஆசாரிக்கு, மடை பாக்குறவருக்கு. அத எடுக்காம எப்படிக் கூறு போடுவாக?"

ஆமணக்குக்குப் பின்னால் நின்ற நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம். அவன் சொன்னதில் என்ன தப்பு? எங்கள் பக்கத்தில் களத்தில் நெல் குவிந்தால் முதலில் பத்துக்கு ஒன்று அளந்து ஓரமாகப் பொதுக்குவியல் போட்டுவிட்டுத்தான் பங்காளிகள் கூறு போடுவார்கள். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரியாதவள் தங்கப்பொண்ணு ஒருத்திதான். மதுரையில் அவளுக்கு அரிசி கடையிலிருந்து வந்தது.

"பொஸ்தகத்துல அப்படி எடுக்கச் சொல்லலையே மச்சான்."

"சோறு திங்கும்போது வாயத் தொறக்கணும்னுகூடத்தேன் பொஸ்தகத்துல சொல்லல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, ஒரு குச்சியை எடுத்து ஈரமண்ணில் கோடு போட்டாள்.

"பதினஞ்சு கசம் துணி. மூணு பேருக்கு?"

"அஞ்சு."

"துணிக்கு எடுக்க வேணாமா?"

"துணி களத்துலயா வெளையுது?"

"கடலை?"

"கடலைக்கு உண்டு."

குச்சியைக் கீழே போட்டுவிட்டு அவனையே பார்த்தாள். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று கேள்வி எழுதுகிற புண்ணியவான்கள் நெல்லும் கடலையுமாகவே எழுதித் தள்ளுகிறார்கள். இவன் ஒவ்வொன்றிலும் நியாயமாகப் பத்துக்கு ஒன்று எடுத்து வைத்துவிட்டு விழுந்துகொண்டிருக்கிறான்.

"மச்சான், பள்ளிக்கூடத்து நெல்லுக்குச் சாமி கெடையாது."

"சாமி இல்லாத நெல்லு எந்த ஊர்ல வெளையுது?"

"பரீட்சைப் பேப்பர்ல வெளையுது. அதுக்குக் காவலும் வேணாம், ஆசாரியும் வேணாம். அம்புட்டையும் கூறு போட்ருங்க."

அவ்வளவுதான். பாண்டியம்மாள் கூழ்ச்சட்டியோடு வெளியே பாய்ந்தாள்.

"அடியே, சாமிக்குக் குடுக்காதன்னா எம் மகனுக்குச் சொல்லிக் குடுக்குற? இதுக்குத்தேன் விடியமின்ன ஓடி வாரியா?"

தங்கப்பொண்ணு விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். யார் கேட்டார்கள்? கூழ்ச்சட்டி வரப்பில் உட்கார்ந்தது, பாண்டியம்மாள் உட்காரவில்லை. ஊர் எல்லை வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். இரண்டு பேரும் கூழ் குடித்தார்களா என்று தெரியவில்லை. மலைச்சாமி அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வயல் வழியாகவே ஓடிவிட்டான்.

பொழுது சாய்வதற்குள் செய்தி ஊருக்குள் போய்விட்டது. சிலர் என்னைப் பார்த்தார்கள். நான் இருளாயியிடம் மட்டும்தான் சொன்னேன். காவல்காரன் நல்லகாமன் கம்போடு பேயாண்டி வாசலில் வந்து நின்றான்.

"மாமா, எங் கூறுக்கு உங்க மருமக வேட்டு வைக்குதாமே."

பேயாண்டி கயிற்றுக் கட்டிலில் கவிழ்ந்து படுத்திருந்தார். பாண்டியம்மாள் முதுகுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நடந்ததை அவள் சொல்லி முடித்திருந்தாள், அதற்குமேலும் கொஞ்சம் சொல்லியிருந்தாள். பேயாண்டி எழுந்து உட்கார்ந்தார்.

"ஏத்தா, இங்க வா. நீ என்ன சொன்ன?"

தங்கப்பொண்ணு மாட்டுத்தொழுவத் தூணை ஒட்டி நின்றாள். "பரீட்சையில மட்டுந்தேன் மாமா எடுக்க வேணாம்னேன். களத்துல எடுக்க வேணாம்னு சொல்லல."

"கணக்கச் சொல்லு."

சொன்னாள். பேயாண்டி விரலை மடக்கினார். நல்லகாமன் கம்பைச் சுவரில் சாத்திவிட்டு அவன் பங்குக்கு விரலை மடக்கினான்.

"முப்பத்தாறு" என்றார் பேயாண்டி.

"சுத்தமா முப்பத்தாறு" என்றான் நல்லகாமன்.

"சரியாத்தானடி சொல்லிருக்கான் பய."

"அதுக்குத்தேன் மாமா அடி வாங்கிருக்காக. அதுக்குத்தேன் ரெண்டு தடவையும் விழுந்துருக்காக. அவுகளுக்குக் கணக்குத் தெரியாம இல்ல."

பேயாண்டி மகனைப் பார்த்தார். மலைச்சாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"கையக் காட்டு."

காட்டினான். விரல் மூட்டுகளில் பழைய காய்ப்பும் புதிய சிவப்பும் இருந்தன. கமலைக் கயிறு உள்ளங்கையைத்தான் காய்க்கவைக்கும், மூட்டை அல்ல. அது பேயாண்டிக்குத் தெரியும்.

"ஏன்டா, பத்துக்கு ஒண்ணு எடுத்தேன்னு நீ சொல்ல வேண்டியதுதான?"

"யாரும் கேக்கலையேப்பா. எல்லாரும் எடுப்பாகன்னு நெனச்சேன். எனக்கு மட்டுந்தேன் வகுக்க வரலன்னு நெனச்சேன்."

சுவருக்கு இந்தப் பக்கம் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"இங்க பாரு" என்றார் பேயாண்டி. "பரீட்சை முடியிற மட்டும் சாமிக்கு எடுக்குறது எம் பொறுப்பு. நீ எடுக்காத. அம்புட்டையும் கூறு போடு."

"சாமி குத்தம் வந்துருமே" என்றாள் பாண்டியம்மாள்.

"நான்தேன் எடுக்குறேன்னு சொல்றேன்ல."

நல்லகாமனுக்கு மனசு ஆறவில்லை. "அதெல்லாம் சரி. பொண்டாட்டிகிட்டப் படிக்கிறான்னு ஊரு சிரிக்காதா மாமா?"

"சிரிக்கட்டும். எங்கிட்டயும் உங்கிட்டயும் படிச்சா முப்பத்தாறுதேன வரும்."

மறுநாளிலிருந்து கிணற்றடியில் மூன்று பேர். பேயாண்டியே மம்பட்டியை வாங்கிக்கொண்டு, குனிய முடியாமல் குனிந்து மடை திருப்பினார். மிளகாய் பிழைத்தது. அவள் கேள்வி சொல்ல, மாடு இறங்கி ஏற, மலைச்சாமி விடை சொன்னான். விடை தப்பினால் அவள் திட்டவில்லை. 'எப்படி வந்துச்சு' என்பாள். அவன் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவான். பாதி வழியில் அவனே 'அடடா' என்று நின்றுவிடுவான். பின்னத்தில் ஒரு குழப்பம் இருந்தது, தெரிந்தது. வட்டிக் கணக்கில் அவசரம் இருந்தது, அதுவும் தெரிந்தது. அறுபது சிலேட்டுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளலாம். எதிரே ஒருத்தி குந்திக்கொண்டு முகத்தையே பார்க்கும்போது ஒளிய இடமில்லை.

பாண்டியம்மாள் தன் பங்குக்கு ஒரு ஏற்பாடு செய்தாள். அடுப்படியில் சாமிக்கென்று ஒரு கலயம் வைத்தாள். தினமும் அவர்கள் திரும்பியதும் விசாரணை நடக்கும்.

"இன்னிக்கு நெல்லுக் கணக்கு எத்தன?"

"ரெண்டு அத்தை. கடலை ஒண்ணு."

நெல்லுக்கு ஒரு கைப்பிடி அரிசி, கடலைக்கு அரைக்கைப்பிடி. துணிக் கணக்குக்கு ஒன்றும் கிடையாது. மகன் காகிதத்தில் சாமிக்கு வைத்த பாக்கியை அம்மா கலயத்தில் அடைத்தாள்.

எல்லாம் ஒரே ஏறுமுகம் என்று நினைக்க வேண்டாம். மாசியில் பள்ளிக்கூடத்தில் வைத்த பரீட்சையில் மறுபடி விழுந்தான். பேயாண்டி அன்றைக்கு மம்பட்டியைத் தொடவில்லை. தங்கப்பொண்ணு அவனை உட்காரவைத்து ஒவ்வொரு கணக்காகக் கேட்டாள்.

"எல்லாம் தெரியுதே. அங்க என்ன ஆச்சு?"

"வாத்தியாரு பக்கத்துல வந்து நின்னாரு. கை தன்னால பன்னெண்ட எடுத்துருச்சு."

"அங்கயும் மாடு இருக்குன்னு நெனச்சுக்கங்க மச்சான். கேள்வியப் படிச்சா மாடு எறங்குது. அது ஏறி நிக்கிற மட்டும் பேனாவத் தொடாதீக. எவரு பக்கத்துல வந்து நின்னாலும் மாடு தன் நடையிலதேன ஏறும்?"

பங்குனியில் மதுரைக்குப் போய்ப் பரீட்சை எழுதினான். சாயங்கால ரயிலில் வந்து இறங்கியவனைப் பேயாண்டி ஸ்டேஷனுக்கே போய்க் கூட்டி வந்தார். வழிநெடுக ஒன்றும் கேட்கவில்லையாம். வாசலில் வைத்துத்தான் கேட்டார்.

"நெல்லுக் கணக்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"எடுத்தியா?"

"எடுக்கலன்னுதேன் நெனைக்கிறேன். சரியா ஞாபகம் இல்லப்பா. மாடு ஏறுனது மட்டும் ஞாபகம் இருக்கு."

பேயாண்டி முகம் சுருங்கிவிட்டது. எடுத்தானா, எடுக்கவில்லையா? அந்த வீட்டில் அடுத்த பத்து நாளும் அதுதான் பேச்சு. புத்தகங்களை அடுப்புக்கு எட்டாமல் பரணில் தூக்கி வைத்தாள் தங்கப்பொண்ணு. பேயாண்டி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

அதற்குள் இரண்டாம்போக அறுப்பு வந்துவிட்டது. பேயாண்டிக்கும் அவர் தம்பிகள் இரண்டு பேருக்கும் பொது வயல். அடித்துத் தூற்றிக் களத்தில் நெல் குவிந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது, தூசி மூக்கில் ஏறியது. இருளாயி வைக்கோலை உதறிக்கொண்டிருந்தாள். நல்லகாமன் சாக்கை விரித்துப் பிடித்தபடி களத்து ஓரம் தயாராக நின்றான். வருஷா வருஷம் அளக்கிறவர் பேயாண்டி. முதுகு அன்றைக்கு இடம் கொடுக்கவில்லை. மரக்காலை மகன் கையில் கொடுத்தார்.

மலைச்சாமி குவியலைக் கும்பிட்டான். மரக்காலை முங்கி எடுத்துத் தலைதட்டினான். ஒன்று என்று எண்ணாமல் "லாபம்" என்று முதல் மரக்காலை அப்பா கூறில் கொட்டினான். அடுத்ததை நடுச் சித்தப்பன் கூறில். அதற்கடுத்ததைச் சின்னச் சித்தப்பன் கூறில். சுறுசுறுப்பாக, வாய் எண்ணிக்கொண்டே இருக்க, மூன்று குவியலும் சமமாக வளர்ந்தன.

இருளாயியின் கையில் வைக்கோல் அப்படியே நின்றது. நல்லகாமன் காலிச் சாக்கைப் பார்த்தான், பேயாண்டியைப் பார்த்தான். பாண்டியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஓரத்தில் பொதுக்குவியல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

தங்கப்பொண்ணுதான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிட்டே போனாள்.

"மச்சான்" என்றாள் மெதுவாக. "இது களம்."

மலைச்சாமி மரக்காலோடு நின்றான். மூன்று கூறையும் பார்த்தான். ஓரத்தைப் பார்த்தான். அப்பாவைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பேயாண்டிக்கு முதலில் கண் சிவந்தது. பிறகு என்னவோ ஆனது. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். வலியில் முனகுகிறார், சிரிக்கிறார், மறுபடி முனகுகிறார். தம்பிகளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"மாமா, நான் சாக்கப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன், நீங்க சிரிக்கிறீக" என்றான் நல்லகாமன்.

"உங் கூறு எங்கயும் போகாது நில்லுடா" என்றார் பேயாண்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "களத்துலயே எடுக்கலைன்னா பேப்பர்லயா எடுத்திருப்பான்? பய பாஸாயிட்டான்டா."

மலைச்சாமி மூன்று கூறையும் மறுபடி ஒன்றாகத் தள்ளினான். தங்கப்பொண்ணு ஒரு பக்கம் உட்கார்ந்து இரண்டு கையாலும் தள்ளிக் கொடுத்தாள். அந்த வேலையை மட்டும் அவள் பழுதில்லாமல் செய்தாள் என்று சொல்ல வேண்டும். பத்துக்கு ஒன்று முதலில் எடுத்து ஓரத்தில் கொட்டியபோது பாண்டியம்மாள் வீட்டுக்கு ஓடி அந்தக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கோயிலுக்கென்று வைத்திருந்த சாக்கில் அரிசி முழுவதையும் அவளே கவிழ்த்தாள்.

வைகாசியில்தான் ரிசல்ட் வந்தது. தங்கப்பொண்ணு சுவருக்கு மேலே தலையை நீட்டி, மூச்சு வாங்க, பாஸ் என்றாள். களத்தன்றைக்கே தெரிந்த பழைய செய்தி அது. அப்படியே அவளிடம் சொல்லிவிட்டு, உலையைப் பார்க்கப் போனேன்.